சீமையும் வீடும்: ‘பிளைட்டி’ என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலேயர் தம் தாய்நாட்டுக்கு வழங்கும் பெயர்கள் பல. ஏட்டில் எழுதும்போது பிரிட்டன் என்பர், இங்கிலாந்து என்பர். ஆனால் தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழும் ஆங்கிலேயர் ஒருவர், தம் நாட்டு மழையையும் தேநீரையும் நினைத்துப் பெருமூச்செறியும் வேளையில், அவர் வாயில் வேறொரு பெயர் வருவதுண்டு. ‘பிளைட்டி’ என்பது அப்பெயர். அரசாங்க ஆவணங்களில் அதற்கு இடமில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். நண்பர் கூடிய இடத்தில், பாதி விளையாட்டாகவும் பாதி ஏக்கமாகவும் வழங்கும் கொச்சைச் சொல் அது. ‘நம்ம ஊர்’ என்று நாம் சொல்லும்போது நம் குரலில் குழையும் அன்பு முழுவதும் அதில் உண்டு.

இத்துணை அன்புக்குரிய அச்சொல்லை ஆங்கிலேயர் தம் முன்னோரிடமிருந்து பெறவில்லை. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டு சென்றனர். இந்தியாவில் அதற்கு வழங்கிய பொருளோ ‘அயல்நாட்டது’ என்பதாகும். நாம் அந்நியம் என்று சுட்டிய ஒரு சொல்லை, அந்த அந்நியரே எடுத்துத் தம் வீட்டுக்குப் பெயராக இட்டுக்கொண்டனர். இவ்விந்தை நிகழ்ந்த வழியைச் சிறிது ஆராய்வோம்.

அரபு மொழியில் ‘விலாயா’ என்பது ஆட்சியுரிமையைக் குறிக்கும். அவ்வாட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதியையும் குறிக்கும். ‘வாலி’ என்னும் ஆளுநரின் ஆணை எதுவரை செல்லுமோ அதுவரை உள்ள நாடு விலாயா. அல்ஜீரியாவின் மாகாணங்களுக்கு இன்றும் அதுவே பெயர். பாரசீக மொழி இச்சொல்லை ‘விலாயத்’ என்று ஏற்றுக்கொண்டது. பாரசீகத்தின் வழியாக அது இந்தியாவுக்குள் நுழைந்தது.

முகலாயர் காலத்தில் ஈரானிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் அறிஞரும், படைத்தலைவரும், கவிஞரும், வணிகரும் திரள் திரளாக இந்தியாவுக்கு வந்தனர். தில்லியிலும் ஆக்ராவிலும் தக்காணத்து அரசவைகளிலும் பணிபுரிந்த அவர்கள், தாம் விட்டுவந்த நாட்டை விலாயத் என்றனர். ஆப்கானியரும் தம் நாட்டை அவ்வாறே அழைத்தனர். ஆகவே இந்திய மண்ணில் இச்சொல் முதன்முதலில் வேர்கொண்டபோதே, பிழைப்பைத் தேடி வந்தவர் பிறந்த நாட்டைச் சுட்டும் சொல்லாக இருந்தது. இந்நாட்டிலேயே பிறந்தவர் செவிக்கோ, அது கடலுக்கும் மலைக்கும் அப்பாலுள்ள வேற்று நாடு என்று ஒலித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சென்றது. அப்பாலிருந்து வந்து ஆள்பவர் இப்போது ஐரோப்பியர் ஆயினர். சொல்லும் அவர்கள் பக்கம் திரும்பியது. வங்காளத்து நதியா மாவட்டத்தைச் சேர்ந்த மிர்ஸா இத்திஸாமுத்தீன் என்னும் முன்ஷி, 1766இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். திரும்பிவந்து சில ஆண்டுகள் கழித்துத் தாம் கண்டவற்றைப் பாரசீக மொழியில் நூலாக எழுதினார். அந்நூலின் பெயர் ‘ஷிகர்ஃப் நாமா-இ-விலாயத்’. விலாயத்தின் அதிசயங்களைக் கூறும் ஏடு என்று பொருள். அவர் காலத்திலேயே விலாயத் என்பது இங்கிலாந்தைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டதை இப்பெயர் காட்டுகிறது.

நாட்டுக்கு நாடு இச்சொல்லின் ஒலி மாறிற்று. வங்காளிகள் வகரத்தைப் பகரமாக்கிப் ‘பிலாத்’ என்றும் ‘பிலேத்’ என்றும் வழங்கினர். இங்கிலாந்து சென்று பட்டம் பெற்றுத் திரும்பியவர் கொல்கத்தாவில் ‘பிலேத்-ஃபெரத்’ ஆனார். கேரளத்தில் அது ‘பிலாத்தி’ ஆயிற்று, கே. பி. கேசவ மேனோன் 1916இல் வெளியிட்ட இங்கிலாந்துப் பயண நூலுக்குப் ‘பிலாத்திவிசேஷம்’ என்றே பெயர். பஞ்சாபில் இன்றும் இங்கிலாந்து செல்வதை ‘வலைத்’ செல்வது என்பர்.

நாடு வந்தபின் அந்நாட்டுப் பண்டங்களும் வந்தன. புதிதாக எது வந்தாலும் அது ‘விலாயதி’ அல்லது ‘பிலாயதி’ ஆயிற்று. தக்காளி வந்தது; ‘விலாயதி பைங்கன்’ என்றனர், அதாவது அயல்நாட்டுக் கத்தரிக்காய். குமிழியிட்டுப் பொங்கும் சோடாத் தண்ணீர் வந்தது. ‘விலாயதி பானி’ என்றனர். இவ்வழக்குகளை யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்ஸன்-ஜாப்ஸன்’ என்னும் பேரகராதி பதிவு செய்துள்ளது. இவ்விருவருள் பர்னல் நம் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர். அகராதி அச்சாகி வெளிவருவதைக் காணாமல் 1882இலேயே அவர் காலமானார். யூல் அப்பணியை முடித்தார்.

இங்கே தமிழர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுதல் இயல்பு. விலாயத் என்னும் சொல் நடந்த அதே பாதையில் நம்மிடமும் ஒரு சொல் நடந்திருக்கிறது. அது ‘சீமை’. எல்லையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்த இச்சொல், எல்லைக்குட்பட்ட நாட்டுக்கும் பெயராயிற்று. சேதுச்சீமை, சிவகங்கைச் சீமை என்னும்போது அது நம் மண்; நம் மக்கள் வாழும் நாடு. ஆனால் ‘சீமைக்குப் போய்ப் படித்து வந்தவர்’ என்னும்போது அது இங்கிலாந்து. சீமைத்துணி, சீமைச் சுண்ணாம்பு, சீமெண்ணெய், சீமைத் தக்காளி என்று கடல் கடந்து வந்த பண்டங்கள் எல்லாம் இப்பெயரைச் சுமந்தன. சொந்த மண்ணும் அந்நிய மண்ணும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே நிலைதான். ராயலசீமையில் பிறந்தவருக்குச் ‘சீம’ என்பது தம் ஊர்ப்புறம். நாம் கொடுக்காப்புளி என்னும் மரத்தின் காயோ அவருக்குச் ‘சீமசிந்த’. கன்னடத்தாருக்குச் ‘சீமெ ஹுணசே’. வடநாட்டாருக்கு ‘விலாயதி இம்லி’. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: அயல்நாட்டுப் புளி.

அம்மரம் உண்மையில் இங்கிலாந்திலிருந்து வந்ததன்று; மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் பிறப்பிடம். தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. தில்லியின் குன்றுப்பகுதியில் முட்புதராய் மண்டிக் கிடக்கும் ‘விலாயதி கீக்கர்’ என்னும் மரம் நம் நாட்டுக் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலமே. அதற்கும் அமெரிக்கக் கண்டமே தாயகம். எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்து பெயரிடுவது மக்கள் வழக்கமன்று. ‘இது நம்முடையதன்று’ என்று சொல்லுவதே அவர்தம் நோக்கம். அந்நோக்கத்துக்கு வடக்கே விலாயதி பயன்பட்டது. தெற்கே சீமை பயன்பட்டது.

இனி, இச்சொல் ஆங்கிலேயர் வாய்க்கு எவ்வாறு சென்றது என்பதைக் காண்போம்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வைத்திருந்த வெள்ளைப் படைவீரரின் தொகையைப் பெருக்கிற்று. அறுபதாயிரம் பேருக்குக் குறையாமல் அவர்கள் மீரட், ராவல்பிண்டி, லக்னோ, பெங்களூர் முதலிய படைமுகாம்களில் தங்கியிருந்தனர். அதிகாரிகள் முன்ஷி வைத்து இந்துஸ்தானி கற்றனர். சாதாரணச் சிப்பாய்க்கோ சலவைக்காரரும், தண்ணீர் சுமப்பவரும், சமையற்காரரும், கடைத்தெரு வணிகருமே ஆசிரியர். அவன் இலக்கணம் அறியான். செவியில் விழுந்ததை நாவுக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டான். ‘தேக்கோ’ என்பதைக் கேட்டுப் பார்வைக்கு ‘டெக்கோ’ என்றான். ‘சாய்’ அவன் வாயில் ‘சார்’ ஆயிற்று. இனாமாகக் கிடைப்பது ‘பக்ஷீஷ்’ என்பதிலிருந்து ‘பக்ஷி’ ஆயிற்று. துன்பமில்லாத எளிய வேலைக்குக் ‘குஷி’ என்னும் சொல்லிலிருந்து ஒரு பெயர் கண்டான். நாம் தமிழில் ‘குஷியாக இருக்கிறான்’ என்று சொல்லும் அதே குஷிதான் அது.

அவ்வாறே ‘பிலாயதி’ என்பதையும் அவன் கேட்டான். அவன் உண்ணும் பண்டம் பிலாயதி, உடுக்கும் துணி பிலாயதி, அவனே பிலாயதி. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டவர்க்கும், எப்போது திரும்புவாய் என்று கேட்டவர்க்கும் அவன் அறிந்த ஒரே விடை அதுதான். ‘லா’ என்னும் நெடிலின்மேல் அழுத்தம் விழுந்ததால் அதன் முன்னிருந்த குறில் தேய்ந்தது. ‘பிலாயதி’ விரைந்த பேச்சில் ‘ப்லாய்தி’ ஆகிப் பின் ‘பிளைட்டி’ என்று நின்றது. ஒலி தேய்ந்ததைப் போலவே பொருளும் புரண்டது. சொன்னவர்க்கு வேற்று நாடு; கேட்டவனுக்கு வீடு. அச்சொல் எந்தத் திசையைக் காட்டியதோ அந்தத் திசையில்தான் அவன் தாய் இருந்தாள்.

அந்த ஏக்கத்தின் கடுமையைக் காட்ட மற்றொரு கொச்சைச் சொல்லும் சான்றாக உள்ளது. மும்பையிலிருந்து நாசிக் செல்லும் இருப்புப்பாதையில் தேவ்லாலி என்னும் ஊரைப் பலர் கண்டிருப்பீர்கள். 1861இல் அங்கே ஒரு படைமுகாம் அமைந்தது. இந்தியாவில் பணிக்காலம் முடிந்த வெள்ளைச் சிப்பாய்கள் கப்பலை எதிர்பார்த்து அங்கே காத்திருந்தனர். படைக்கப்பல்களோ குளிர்காலத்து மாதங்களில்தான் புறப்படும். பருவம் தவறி வந்தவர் மாதக்கணக்கில் வெயிலிலும் சோம்பலிலும் கிடக்க நேர்ந்தது. கடமை இல்லை, வீடும் இல்லை. சிலர் குடித்துக் கெட்டனர், சிலர் நோயுற்றனர், சிலருக்கு மனமே கலங்கிற்று. இந்நிலைக்குத் ‘தூலாலி தாப்’, அதாவது தேவ்லாலிக் காய்ச்சல், என்று சிப்பாய்கள் பெயரிட்டனர். இன்றும் ஆங்கிலத்தில் சித்தம் தடுமாறியவரைத் ‘தூலாலி’ என்பர். பிளைட்டி என்னும் சொல்லின் இனிமைக்கு அடியில் இக்கசப்பும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

படைமுகாம் பேச்சாக இருந்த சொல்லை ஒரு நாடு முழுவதும் அறியச் செய்தது 1914இல் மூண்ட முதல் உலகப் போர். இந்தியாவில் பணிபுரிந்த பழைய சிப்பாய்கள் பிரான்சு நாட்டுப் பதுங்குகுழிகளுக்குச் சென்றனர். அவர்கள் அருகே வந்து நின்ற புதிய வீரர்கள் முன்தினம் வரை எழுத்தராகவும், நெசவாலைத் தொழிலாளராகவும், உழவராகவும் இருந்தவர். இந்தியாவைக் கண்ணாலும் காணாத அவ்விளைஞர்கள் பழையவரிடமிருந்து சொற்களைக் கற்றனர். அவற்றுள் எல்லாரும் விரும்பி ஏற்றது பிளைட்டி. அதன் பிறப்பை அவர்கள் அறியார். அப்போரில் பங்குகொண்ட எழுத்தாளர் ராபர்ட் கிரேவ்ஸ், 1929இல் வெளிவந்த தம் நினைவு நூலில், இந்துஸ்தானியில் அதற்கு ‘வீடு’ என்று பொருள் என்றே குறித்திருக்கிறார். அயல்நாட்டைச் சுட்டிய சொல் இடையே இரு கைகள் மாறியதற்குள் வீடாகவே ஆகிவிட்டது.

போர்முனைக்கும் தாயகத்துக்கும் இடையே ஒரு சிறு கடல்தான் இருந்தது. பெரும் பீரங்கிகள் முழங்கினால் இங்கிலாந்தின் தென்கரையில் அவ்வோசை கேட்கும். அவ்வளவு அண்மையில் இருந்தும் வீரன் தன் விருப்பப்படி வீடு செல்ல இயலாது. செல்வதற்கு உறுதியான வழி ஒன்றே இருந்தது, அது காயம். உயிரைப் பறிக்காத, உறுப்பை முற்றும் அழிக்காத, ஆனால் போர்க்கள மருத்துவமனையில் ஆற்ற முடியாத காயமாக அது இருத்தல் வேண்டும். கையைத் துளைத்துச் சென்ற குண்டும், காலில் பாய்ந்த குண்டும் அத்தகையன. அதற்கும் ‘பிளைட்டி’ என்றே பெயர் வந்தது. ‘அவனுக்கு ஒரு பிளைட்டி கிடைத்தது’ என்று தோழர் பொறாமையோடு பேசினர். தானே தன்னைச் சுட்டுக்கொண்டு அதைப் பெற முயன்று, படைநீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரும் உண்டு. வீட்டின் பெயரே புண்ணுக்கும் பெயரானது என்றால், அவ்வீரரின் நிலையை வேறு விளக்க வேண்டுவதில்லை.

1916இல் பிளைட்டிக்குத் தன்னைத் திரும்ப அழைத்துச் செல்லுமாறு வேண்டும் பாட்டு ஒன்று இங்கிலாந்தின் இசையரங்குகளிலிருந்து எழுந்து நாடெங்கும் பரவிற்று. அதே ஆண்டில் போர்வீரருக்கென்று ‘பிளைட்டி’ என்னும் பெயரிலேயே ஒரு வார இதழும் தோன்றியது. அதன் தாய்ச்சொல்லுக்கு இந்தியாவில் அக்காலத்தில் வாய்த்த நிலை வேறு. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் ‘பிலாத்தி’ப் பண்டங்களை விலக்குமாறு மக்களை அழைத்தது. 1921 ஜூலை 31ஆம் நாள் பம்பாயில் காந்தியடிகள் அயல்நாட்டுத் துணிக்குவியலுக்குத் தீ வைத்தபோது, எரிந்தவற்றுக்கு மக்கள் இட்ட பெயர் விலாயதித் துணி. ஒரே சொல் இங்கே நெருப்பில் எறியப்பட்டது; அங்கே பாட்டில் ஏந்தப்பட்டது.

அப்போரில் பிரான்சு நாட்டுக்குச் சென்றவர் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். 1914ஆம் ஆண்டு இறுதிக்குள் லாகூர், மீரட் ஆகிய இரு பெரும் படைப்பிரிவுகள் மார்செய்ல் துறைமுகம் வழியாகப் போர்முனையை அடைந்தன. அப்படைகளின் இந்திய வீரரும் ஆங்கிலேயரும் ஒரே சேற்றில் நின்றனர். ஒரே குண்டுகளால் வீழ்ந்தனர். 1915 மார்ச்சு மாதம் நூவ் ஷாபெல் என்னுமிடத்தில் நடந்த போரில் பெருந்தொகையினர் மடிந்தனர். 1927இல் அங்கே எழுப்பப்பட்ட நினைவிடத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

காயம்பட்ட இந்தியருள் பலரைக் கடல் கடத்தி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். பிரைட்டன் நகரத்து அரச மாளிகை 1914 டிசம்பர் முதல் அவர்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. ஆங்கில வீரனுக்குக் காயம் பட்டால் அவன் பிளைட்டிக்குச் சென்றான். அங்கே அவன் வீடு இருந்தது. இந்திய வீரனுக்கு அதே காயம் பட்டால் அவனும் அதே கரையில்தான் இறங்கினான். ஆனால் அவனுக்கு அது விலாயத். உண்மையான பொருளில் விலாயத். அவன் வீடு கடல்கள் பல கடந்து பஞ்சாபிலோ கடுவால் மலையிலோ நேபாளத்திலோ இருந்தது. காயம் ஆறியவரை மீண்டும் போர்முனைக்கே அனுப்பினர். இனிப் போருக்கு உதவார் என்று மருத்துவர் முடிவு செய்தவர் மட்டுமே இந்தியாவுக்குக் கப்பலேறினர். இது பற்றிய துயரம் அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வெளிப்பட்டது. தணிக்கை அதிகாரிகள் மொழிபெயர்த்து வைத்த கடிதப் பகுதிகள் இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. தணிக்கைக்கென்று படிக்கப்பட்ட வரிகளே இன்று வரலாற்றுக்குச் சான்றாகி நிற்கின்றன.

மருத்துவமனைகளில் உயிர்நீத்த இந்துக்களும் சீக்கியருமான 53 பேரின் உடல்கள் பிரைட்டனை அடுத்த புல்வெளிக் குன்றில் எரியூட்டப்பட்டன. அவ்விடத்தில் வெண்சலவைக் கல்லால் ஆன குவிமாட மண்டபம் ஒன்று 1921இல் திறந்து வைக்கப்பட்டது. ‘சத்திரி’ என்னும் இந்தியப் பெயரே அதற்கு ஆங்கிலத்திலும் வழங்குகிறது. இங்கிருந்து சென்ற ஒரு சொல் அந்நாட்டார்க்கு வீடாயிற்று. இங்கிருந்து சென்ற மற்றொரு சொல் அந்நாட்டு மண்ணில் நினைவிடமாய் நிற்கிறது.

பிளைட்டி என்னும் சொல் இன்றும் மறையவில்லை. போர்க்களத்துப் பொருள் மங்கிவிட்டது. அயல்நாடுகளில் குடியேறிய ஆங்கிலேயர் தாயகத்தைப் பற்றிப் பேசும்போது சிறு நகையோடு அதை வழங்குகின்றனர். வீட்டுக்குள் இருப்பவர்க்கு அதன் தேவை குறைவு. வெளியே சென்றவர்க்கே அது வேண்டியிருக்கிறது.

வெளியூரில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மும்பைத் தெருக்களில் வடநாட்டுத் தொழிலாளி விடுப்பில் செல்லும்போது ‘முலுக்’குக்குப் போவதாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ‘முல்க்’ என்பதும் அரபுச் சொல்லே. அரசு, ஆட்சி நிலம் என்பன அதன் பொருள். விலாயத் என்பதற்கு நெருங்கிய உறவினது. ஓர் அரசு முழுவதையும் குறித்த அச்சொல் மும்பையில் சுருங்கி, நான்கு தெருவும் ஒரு குளமும் உள்ள சிற்றூருக்குப் பெயராயிற்று. கொல்கத்தாவில் ‘தேஷ்’ என்பது தேசமும் ஆகும். ஒருவர் பிறந்த கிராமமும் ஆகும். நாமோ தில்லியில் முப்பது ஆண்டு வாழ்ந்து வீடு கட்டிய பின்னரும், கோடை விடுமுறையில் ‘ஊருக்குப் போகிறோம்’ என்கிறோம். எந்த ஊர் என்று கேட்பாரும் இல்லை; சொல்ல வேண்டுவதும் இல்லை.

ஆனால் நம் மக்கள் வேற்று மாநிலத்தில் பிறந்து, அங்கேயே படித்து, அம்மொழியில் தோழரோடு விளையாடி வளர்கின்றனர். அவர்கள் தஞ்சையிலோ நெல்லையிலோ பாட்டி வீட்டில் பத்து நாள் தங்கியபின், ‘எப்போது ஊருக்குத் திரும்புவோம்?’ என்று கேட்பதுண்டு. அப்போது அவர்கள் சுட்டும் ஊர் தில்லியாக இருக்கும், புணேயாக இருக்கும். அதைக் கேட்டு வருந்துவாரும் உளர். விலாயத் என்பது ஈரானியர்க்குத் தாயகமாய் இருந்து, இந்தியர்க்கு அந்நியமாகி, ஆங்கிலேயர்க்கு மீண்டும் தாயகமானதைக் கண்டோம். சொல் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லுபவரின் அன்பே முடிவு செய்கிறது. அக்குழந்தை தன் அன்பைச் சொல்ல ‘ஊர்’ என்னும் தமிழ்ச் சொல்லையே எடுத்ததன்றோ? அதைத் திருத்த வேண்டா. நம் ஊரும் தன் ஊர்தான் என்று அது சொல்லும்படி, அடுத்த விடுமுறைக்கும் அதை அங்கே அழைத்துச் செல்வோம்.